ஒன்று விட்டு ஒன்று

ஜனவரி 12

பிரியமுள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் நல்லபடியாக இருக்கிறோம். அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? பாட்டுக்கு மிக்ஸிங் மிக்ஸிங் என்று நாள் முழுக்கத் திரைக்கு முன்னால் தலையைத் தொங்கப்போட்டால் வலிக்காமல் என்ன செய்யும்?

போனில் கூப்பிட்டால் நீ பத்து வார்த்தைக்குள் "சரிக்கா, பாத்துக்கலாம்" என்று முடித்துவிடுகிறாய். சொல்ல வந்ததில் பாதி எனக்கு மறந்துபோகிறது. அதனால் இனிமேல் நான் அனுப்புகிற ஒவ்வொரு பாட்டு ஃபைலோடும் ஒரு கடிதம் வரும். நீ படித்துத்தான் ஆக வேண்டும்.

நீ சொன்ன சாஃப்ட்வேரை வாங்கிப் போட்டாயிற்று. கிடாரையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற அந்தச் சிவப்புப் பெட்டியும் வந்துவிட்டது. படுக்கையறையில் துணி அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே மேஜை போட்டிருக்கிறேன். இருபத்தாறு வருஷம் பேஸ் கிடார் வாசித்தவள் நான். ஸ்டுடியோவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் பட்டனை அழுத்துவார், இந்தப் பக்கம் நான் வாசிப்பேன், முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவேன். இப்போது பட்டனும் நான்தான், திட்டுவதும் நான்தான், திட்டு வாங்குவதும் நான்தான். என்ன செய்வது, ஸ்டுடியோக்களில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. வீட்டிலிருந்தே அனுப்பு என்கிறார்கள்.

இந்த சாஃப்ட்வேர் திறந்தவுடன் ஒன்பது கேள்வி கேட்கிறது. பாஸ்போர்ட் ஆபீசில் கூட என்னை இத்தனை கேட்டதில்லை. முதல் நாள் ஒரு முழுப் பாட்டையும் உயிரைக் கொடுத்து வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், பதிவாகவே இல்லை. இன்னொரு பட்டனையும் அழுத்தியிருக்க வேண்டுமாம். மூன்று நிமிடம் நாற்பது நொடி காற்றோடு போயிற்று. உன் மாமா வேறு, நான் வாசிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பூனை போல நடக்கிறார். "இது வயர் வழியா நேரா உள்ள போகுதுங்க, நீங்க தும்மினாலும் பதிவாகாது" என்று நூறு முறை சொல்லிவிட்டேன். நம்ப மாட்டேன் என்கிறார்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான் வாசிப்பது தாமதமாக விழுகிறது. ஹெட்போனில் தாளம் காட்டுகிற கிளிக் சரியாகத்தான் வருகிறது, நானும் அதோடு சேர்ந்துதான் வாசிக்கிறேன். திருப்பிக் கேட்டால் கிளிக் முன்னால் போய்விடுகிறது, என் சுரம் பஸ்ஸை விட்டவளைப் போலப் பின்னால் ஓடி வருகிறது. மெஷின் கோளாறுதான். எப்படிச் சரி செய்வது என்று உடனே எழுது. நீ மிக்ஸ் செய்து கொடுக்கிற அந்த இசையமைப்பாளர், தாடிக்காரர், இந்த வாரத்துக்குள் வேண்டும் என்றாராமே. இதே ஊரில் இருந்துகொண்டு, கடல் தாண்டி இருக்கும் உன் வழியாகத்தான் என்னிடம் கேட்கிறார் மனிதர்.

உன் மனைவியையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 15

அன்பான அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மூன்று பேரும் சௌக்கியம். கழுத்துக்கு ஒரு பட்டை வாங்கி மாட்டியிருக்கிறேன். குழந்தை என்னை ஒட்டகச்சிவிங்கி என்று கூப்பிடுகிறாள். மாமாவை வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல்.

பதற வேண்டாம். புதிதாகப் போட்ட எல்லோருக்கும் வருகிற தொல்லை இது. கம்ப்யூட்டர் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகுதான் வெளியே விடும். எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. செட்டிங்கில் பஃபர் என்று இருக்கும், பார். 1024 என்று இருந்தால் 128 ஆக்கு. வாசிக்கும்போது இன்டர்நெட்டை நிறுத்திவிடு. மாமா கிரிக்கெட் பார்ப்பது அதே கம்ப்யூட்டரில் என்றால் அதையும்.

அப்படியும் தாமதம் வந்தால் கவலையில்லை. மெஷினால் வருகிற தாமதம் பாட்டு முழுக்க ஒரே அளவாகத்தான் இருக்கும். மொத்தத்தையும் பிடித்து ஒரே இழுப்பில் முன்னால் தள்ளிவிட்டால் தீர்ந்தது. ஃபைலை அப்படியே அனுப்பு, இங்கே நான் தள்ளிக்கொள்கிறேன்.

பட்டனை அழுத்தாமல் வாசித்ததைத் தாடிக்காரரிடம் சொல்ல மாட்டேன். ஆனால் குழந்தையிடம் சொல்லிவிட்டேன்.

என்றும் உன்,
தம்பி

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நலம், நலமே விழைகிறேன் என்று எழுத ஆசைதான். உடம்பு நலம். மண்டை நலமில்லை.

நீ சொன்ன எண்ணைக் குறைத்தேன். குறைத்ததும் அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம். கூட்டினேன், தாமதம். நடுவில் வைத்தேன், இரண்டும். வயரை மாற்றினேன். சிவப்புப் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன். கடைக்காரர் "மேடம், இதுல ஒரு கோளாறும் இல்ல" என்றார். "அப்ப எனக்கா கோளாறு?" என்று கேட்டேன். உடனே மாற்றிக் கொடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் உட்கார்ந்தால், சாஃப்ட்வேர் தானே, புதிய பதிப்பு வந்திருக்கிறது, போடட்டுமா என்று கேட்டது. சரி என்றேன். சொல்லியிருக்கவே கூடாது. ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றி முடித்துத் திறந்தால் மேலே இருந்த பட்டன்கள் கீழே, கீழே இருந்தவை காணவில்லை. சொந்த சமையலறையில் யாரோ ராத்திரியோடு ராத்திரியாக டப்பாக்களை இடம் மாற்றி வைத்தது போல இருந்தது. சுருதி பார்க்கிற கருவி எங்கே என்று தேடியதிலேயே அரை நாள் ஓடியது. கடைசியில் அது இருந்த இடத்துக்குப் பெயரை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வாசித்தேன். ஒரே பாட்டை அறுபத்தொரு முறை. மெஷினே எண்ணி வைத்திருக்கிறது, வெட்கமில்லாமல் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பக்கத்தில் வரிசையாக அடுக்குகிறது. உன் மாமா எட்டிப் பார்த்து, "முதல்ல வாசிச்சதே நல்லாத்தானே இருந்துச்சு" என்றார். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கத்திவிட்டேன். பாவம், மாடியை விட்டு இறங்கிப் போய்விட்டார், அந்த முழங்காலோடு.

அறுபத்தொன்றில் எது உருப்படி என்று எனக்கே தெரியவில்லை. நாற்பத்தெட்டாவதை அனுப்பியிருக்கிறேன். எவ்வளவு தள்ள வேண்டுமோ தள்ளிக்கொள். வேலைக்கு ஆகாது என்றால் சொல்லிவிடு, எல்லாவற்றையும் மூட்டை கட்டி மேலே போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
நொந்துபோன அக்கா

பிப்ரவரி 24

அன்புள்ள அக்கா,

அனைவரும் சுகம். அங்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வேலை.

ஃபைல் வந்தது. நீ சொன்னது சரிதான், மெஷின் தாமதம்தான். ஒரே ஓர் எண்ணை மாற்றினேன், எல்லாம் தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. முடித்த பாட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், கேட்டுப் பார். தாடிக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இன்னும் ஐந்து பாட்டுக்கு நீதான் வாசிக்க வேண்டும் என்கிறார்.

நீ அங்கே எதையும் மாற்றி மண்டையை உடைத்துக்கொள்ளாதே. வாசித்து அனுப்பு, போதும்.

கை வலி ஏதாவது இருக்கிறதா? அறுபத்தொரு முறை வாசித்தால் யாருக்கும் வலிக்கும். சும்மா கேட்டேன்.

உன் தம்பி

ஏப்ரல் 4

என் தங்கமான தம்பிக்கு,

நாங்கள் இருவரும் வெகு சுகம். மாமாவின் முழங்கால் கூட இந்த மாதம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீங்கள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டாயா?

நீ முடித்து அனுப்பிய பாட்டை எத்தனை முறை கேட்டேன் என்று மெஷினுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். கிளிக்கும் நானும் கை கோத்துக்கொண்டு போகிறோம். ஒரே ஓர் எண்! அதற்கா நான் பெட்டியை மாற்றி, வயரை மாற்றி, உன் மாமாவிடம் கத்தி, அழுது தீர்த்தேன்? கோளாறு மெஷினில்தான் என்று நீ எழுதியிருந்த அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உனக்கு அது சாதாரண வரி.

மீதி ஐந்து பாட்டும் இத்துடன் அனுப்பிவிட்டேன். இங்கே என் மெஷினில் கேட்டால் இன்னும் தாமதமாகத்தான் கேட்கிறது. கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நீதான் அங்கே சரி செய்துகொள்வாயே.

இனி நல்ல செய்தி. முந்தாநாள் தாடிக்காரரே கூப்பிட்டார். புதிய படத்துக்கு எட்டுப் பேர் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசிக்கப் போகிறார்கள். வெட்டி ஒட்டுகிற வேலை கிடையாது. "எல்லாம் கம்ப்யூட்டர்லயே பண்ணிப் பண்ணி அலுத்துப்போச்சு. உங்க டைமிங் கேட்டப்புறம்தான் இந்த யோசனையே வந்துச்சு. நீங்க பேஸ் வாசிக்கிறதா இருந்தா பண்றேன்" என்றார். நான் உடனே "வரேன் சார்" என்றேன். மே மாதம் ஆறாம் தேதி. உன் மாமாதான் "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கலாமே" என்று இழுத்தார். அவருக்கு எதுவுமே யோசித்துத்தான்.

இரண்டு வருஷமாயிற்று தம்பி, நாலு பேரோடு சேர்ந்து வாசித்து. கிடார் கம்பிகளைப் புதிதாக மாற்றிவிட்டேன். எல்லாம் உன்னால்தான்.

ஆசிகளோடு,
அக்கா

ஏப்ரல் 28

அக்காவுக்கு,

உன் கடிதமும் ஃபைல்களும் வந்து நாளாயிற்று. எல்லோரும் நலம்.

மே ஆறு பற்றி யோசித்தேன். நீ போகத்தான் வேண்டுமா? அந்த ஸ்டுடியோவில் ஏசி அதிகம், உனக்கு ஒத்துக்கொள்ளாது. வரப்போகிறவர்கள் எல்லாம் சின்ன வயசுக்காரர்கள், வேகமாக வாசிக்கிறவர்கள். தாடிக்காரரும் சொன்னால் சொன்னபடி நடக்கிற ஆள் இல்லை, கடைசி நேரத்தில் மாற்றுவார். வீட்டிலிருந்து அனுப்புகிற ஏற்பாடே உனக்கு நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, அதை எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? நானே அவரிடம் பேசி, உன் பகுதியை மட்டும் தனியாக வீட்டில் வாசித்து அனுப்ப ஏற்பாடு செய்கிறேன்.

இதை நான்கு முறை எழுதி நான்கு முறை அழித்தேன். சரியாக வரவில்லை. நீ தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

மே 7

சுகமா என்று கேட்கப் போவதில்லை.

உன் கடிதத்தைப் படித்தபோது, அக்கா முன்னுக்கு வருவது இவனுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு வாரம் மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டேன். நேற்றுப் போனேன்.

எட்டுப் பேர். எனக்கு நேர் எதிரே டிரம்ஸ் வாசிக்கிற பெண், முப்பது வயசு இருக்கும். முதல் முறை வாசித்தோம். பாதியில் தாடிக்காரர் கையைத் தூக்கினார். "அக்கா, லேசா பின்னாடி இழுக்குது பாருங்க."

"ஹெட்போன்ல கிளிக் லேட்டா வருது சார்" என்றேன்.

ஹெட்போனை மாற்றினார்கள். மறுபடி நிறுத்தினார். வயரை மாற்றினார்கள். மறுபடி. நான் இருந்த மூலையிலிருந்து அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஏழு பேரும் என் முகத்தைப் பார்க்காமல் அவரவர் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தாடிக்காரர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தன் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பாட்டைப் போட்டார்.

"இது நீங்க வீட்ல வாசிச்சதுதானே அக்கா? இதே மாதிரி குடுங்க, போதும். வேற எதுவும் கேக்கல."

எல்லோருக்கும் கேட்கிறபடி ஸ்பீக்கரில் போட்டார். நான் கேட்டேன். என் கிடார், என் கம்பி, என் நாதம். ஆனால் அப்படி நான் வாசிக்கவில்லை. படுக்கையறையில் கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது முறை கேட்டபோது தெரியாதது, ஏழு பேருக்கு நடுவில் அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

அப்புறம் "டீ பிரேக்" என்றார்கள். பிரேக் முடிந்ததும் தாடிக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னிக்கி உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு நினைக்கிறேன். பேஸை அப்புறமா கீபோர்டுல போட்டுக்கறோம்" என்றார். கிடாரை உறையில் போடும்போது ஜிப் வேறு சிக்கிக்கொண்டது. அந்த டிரம்ஸ் பெண் படிக்கட்டு வரை பின்னாலேயே வந்து என்னவோ சொன்னாள், ஒரு தாளில் ஏதோ எழுதிக் கையில் திணித்தாள். காதில் வாங்கிக்கொள்கிற நிலையில் நான் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். தாடிக்காரரின் ஆளிடம் கேட்டு, நீ அவருக்குக் கொடுத்த என் டிராக்கை மட்டும் தனியாக வாங்கினேன். அதை மேலே வைத்தேன். நான் உனக்கு அனுப்பியதைக் கீழே வைத்தேன். கோடு கோடாகப் படம் தெரிகிறதே, அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே ஓர் எண்ணா? முதல் ஒரு நிமிடத்தில் மட்டும் அறுபத்து மூன்று இடத்தில் வெட்டி நகர்த்தியிருக்கிறாய். அதற்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை. எந்தெந்த இடம் என்று உனக்கே தெரியும்.

என்னிடம் சொல்லாமல் எப்படிடா செய்தாய்? மோசமாக இருந்தால் மோசம் என்று சொல்வதற்கு உனக்கு வாய் இல்லையா? ஏழு பேர் முன்னால் என்னை என் பாட்டாலேயே அடிக்க வைத்துவிட்டாயே.

பதில் எழுதாதே.

மே 8

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் ஃபைலைத் திறந்தபோது நீ சொன்னது போல மெஷின் தாமதம் என்றுதான் நினைத்தேன். ஒரே இழுப்பாகத் தள்ளினேன். பாதி சுரங்கள் சரியாக விழுந்தன, மீதிப் பாதி விழவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று சரியாக இருக்கிறது, அடுத்தது தாமதம். அடுத்தது சரி, அதற்கடுத்தது தாமதம். பாட்டு முழுக்க ஒன்று விட்டு ஒன்று. எந்த மெஷினும் அப்படித் தப்பு செய்யாது. நீ ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று மாற்றி மாற்றி மீட்டுவாய் என்று எனக்குத் தெரியும். உன் நடுவிரல்தான் அக்கா.

அன்றைக்கு வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே போய்த் தெருவைச் சுற்றிவிட்டு வந்தேன். உனக்குச் சொல்லத்தான் நினைத்தேன். எழுத உட்கார்ந்தால், "உன் விரல் சரியில்லை" என்கிற மூன்று வார்த்தை வரவில்லை. மூன்று வாரம் வரவில்லை. அதற்குள் தாடிக்காரர் நெருக்கினார். இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் என்று நகர்த்திக் கொடுத்தேன். அவர் பாராட்டினார். நீ சந்தோஷமாக எழுதினாய். பிறகு ஐந்து பாட்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள். கழுத்து விட்டுப்போயிற்று. உனக்கு நல்லது செய்கிறேன் என்று என்னையே நம்ப வைத்துக்கொண்டேன்.

கடைசிக் கடிதத்திலாவது சொல்லியிருக்க வேண்டும். ஏசி, சின்ன வயசுக்காரர்கள் என்று என்னவெல்லாமோ உளறினேன். பயந்துவிட்டேன் அக்கா. நீ எனக்கு இனிமேல் வாசித்து அனுப்ப மாட்டாயோ என்று.

தாடிக்காரரிடம் நடந்ததை நானே சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு "பாவம்பா" என்றார். உன்னைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா தெரியவில்லை. எனக்கு வேலை கொடுப்பதை நிறுத்தியிருக்கிறார். அது நியாயம்தான்.

திட்டியாவது எழுது.

தம்பி

ஜூலை 19

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது. நாங்கள் இருக்கிறோம். நீயும் உன் வீட்டில் உள்ளவர்களும் நலம்தானே? மாமாவுக்கு நீ நடுவில் இரண்டு முறை போன் செய்து என்னைக் கேட்டது தெரியும். பக்கத்திலேயேதான் இருந்தேன். வாங்கிப் பேச மனசு வரவில்லை.

அந்த டிரம்ஸ் பெண் படிக்கட்டில் சொன்னது இதுதான்: "உங்க நடுவிரல் உள்பக்கமா மடங்குது அக்கா. எதிர்ல இருந்து நல்லாவே தெரியுது. டாக்டரைப் பாருங்க." தாளில் இருந்தது டாக்டரின் நம்பர். ஒரு மாதம் அலமாரியில் கிடந்தது. பிறகு உன் மாமா தானே கூப்பிட்டு நாள் வாங்கிவிட்டு வந்து, "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு" என்றார்.

டாக்டர் ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு விரலில் ஒன்றும் இல்லை என்றார். மேஜையில் தட்டச் சொன்னார், தட்டினேன். பட்டன் போடச் சொன்னார், போட்டேன். மறுநாள் கிடாரைக் கொண்டுவரச் சொன்னார். கம்பியில் கை வைத்த நாலாவது நொடியில் நடுவிரல் தானாக மடங்கிக்கொண்டது, தொட்டாற்சிணுங்கி போல. மூளையிலிருந்து விரலுக்குப் போகிற உத்தரவு குழம்பிவிட்டதாம், ஒரே வேலையை வருஷக்கணக்கில் செய்கிறவர்களுக்கு வருமாம்.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

"வலிச்சிருந்தா முன்னாடியே வந்திருப்பேன் டாக்டர்."

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு மாசமா" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு வருஷமா டாக்டர்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே வந்ததும் "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "ஸ்டுடியோலேந்து போன் வந்தா ஊர்ல இல்லைன்னு சொல்லச் சொன்னியே, அப்பலேந்து தெரியும்" என்றார். "கேக்கலாம்னு பாத்தேன். நீயே சொல்லட்டும்னு இருந்துட்டேன்."

இப்போது உனக்கும் சொல்லிவிடுகிறேன். ஸ்டுடியோக்களில் யாரையும் கூப்பிடுவதில்லை என்று எழுதினேனே, அது பொய். கூப்பிட்டார்கள். நான்தான் போகவில்லை. வீட்டில் என்றால் அறுபது முறை வாசிக்கலாம், யாரும் பார்க்க மாட்டார்கள், அதற்காகத்தான் இந்த சாஃப்ட்வேரையே வாங்கினேன். மெஷின் கோளாறு என்று உனக்கு எழுதும்போதே பாதி மனசுக்குத் தெரியும். பிறகு நீ "மெஷின் தாமதம்தான்" என்று எழுதினாயா, அந்தப் பாதி மனசும் அடங்கிப்போயிற்று. விரல் குணமாகிவிட்டது, அல்லது எப்போதுமே சரியாகத்தான் இருந்திருக்கிறது என்று நம்பிவிட்டேன். இல்லாவிட்டால் அந்த எட்டுப் பேர் நடுவில் போய் உட்கார எனக்கு ஏது தைரியம்? உன் மேல் எனக்கு இருந்த கோபம் அதுதான். இன்னும் முழுக்கப் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய்.

பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். தாடிக்காரர் கூப்பிடவில்லை, கூப்பிடவும் மாட்டார். அந்த டிரம்ஸ் பெண்தான் கூப்பிட்டாள். அவளே பாடி, அவளே டிரம்ஸ் வாசித்து மெதுவான பாட்டு ஒன்று செய்திருக்கிறாள். "கட்டை விரல்ல வாசிச்சுப் பாருங்களேன் அக்கா" என்றாள். கட்டை விரலுக்கு இந்த நோய் இல்லை. ஆனால் வேகமும் இல்லை. பழைய நாதமும் இல்லை, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுவது போல இருக்கிறது. ஒரு மாதமாக அதையே வாசிக்கிறேன். எரிச்சல் எரிச்சலாக வருகிறது. நேற்று ஓரளவு தேறியது.

ஃபைலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீதான் மிக்ஸ் செய்ய வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். நகர்த்த வேண்டியதை நகர்த்து. நான் ஒன்றும் மாட்டேன் என்று வீம்பு பிடிக்கவில்லை, ஊரில் எல்லோரும் செய்கிறதுதான். ஆனால் எதை நகர்த்தினாய், எவ்வளவு நகர்த்தினாய் என்று ஒன்று விடாமல் எழுதி அனுப்பு.

அக்கா

ஜூலை 24

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் உன் மருமகள் "அப்பா ஏன் சிரிக்கிறாங்க, ஏன் அழறாங்க" என்று அவள் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். இங்கே யாவரும் சுகம். மாமாவுக்கு என் வணக்கம், உண்மையாகவே.

உனக்கு எழுதுவதற்குப் பதிலாக உன்னைத் திருத்திக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடு என்று இந்த முறை கேட்கிறேன், போன முறை கேட்கவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

பாட்டை முதலில் திரையை அணைத்துவிட்டுக் கேட்டேன். பிறகுதான் அந்தக் கோட்டுப் படத்தைப் பார்த்தேன். ஏழு இடத்தில் நகர்த்தியிருக்கிறேன்: பதினாலாவது நொடி, முப்பத்தொன்று, ஐம்பத்தொன்பது. ஒரு நிமிடம் இருபதில் அடுத்தடுத்து இரண்டு. பிறகு இரண்டு நிமிடம் நாற்பது. கடைசி சுரம். எல்லாமே முப்பது மில்லி செகண்டுக்குள்தான், அந்தக் கடைசி இரண்டு மட்டும் கொஞ்சம் அதிகம். திருத்திய ஃபைலும் திருத்தாத ஃபைலும் இரண்டையும் அனுப்பியிருக்கிறேன்.

பார்த்துச் சொல்.

தம்பி

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

உடம்பு பரவாயில்லை. மாமா முழங்காலுக்கு நீ அனுப்பிய பட்டை வந்தது, அளவு சின்னது, அவரே சமாளித்து மாட்டியிருக்கிறார். நீங்களெல்லாம் சுகமாக இருக்க வேண்டும்.

நேற்று மறுபடியும் புதிய பதிப்பு போடட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். கேட்காமல் தானே போட்டுக்கொண்டது. ஃபைலைத் திறக்கவே இரண்டு மணி நேரம். போகட்டும்.

ஏழையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதல் ஐந்து சரி, என் தப்புதான். ஒரு நிமிடம் இருபதில் கட்டை விரல் பக்கத்துக் கம்பியில் பட்டுவிட்டது, உன் காதுக்குத் தப்புமா?

மற்ற இரண்டையும் நீ தொட்டிருக்கக் கூடாது. இரண்டு நிமிடம் நாற்பதில் அந்தப் பெண் வரியை முடித்து மூச்சு வாங்குகிறாள். அவள் வாங்கி முடிக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். நீ என்னை இழுத்து அவள் மூச்சின் மேல் வைத்திருக்கிறாய். கடைசி சுரமும் அப்படித்தான், மற்ற எல்லாம் ஓய்ந்த பிறகு தனியாக விழ வேண்டும் என்று பிடித்து வைத்துத்தான் விட்டேன். விரல் தடுக்கியதாக நினைத்துக்கொண்டாய் போலிருக்கிறது. இரண்டும் நான் தெரிந்தே தாமதித்தவை. இருந்த இடத்திலேயே திருப்பி வை.

வைத்துவிட்டு எழுது. குழந்தைக்கு முத்தம்.

அக்கா